கடற்காற்று அடிக்கும் சுவருக்கு எந்தத் தையல்?

என் வீட்டு முன்னறைச் சுவரில் கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரை தொங்குகிறது. கீழே தண்டவாளம், அதற்கு மேல் கருங்கற்கள், அப்பால் நான்கு நீலத்தில் கடல். 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். எல்லாமே துணியும் நூலும்தான். வீட்டுக்கு வருபவர்களில் தையலில் ஆசை உள்ளவர்கள், தாங்களும் ஒன்று தைக்க வேண்டுமென்றால் எந்த வேலையைப் பழகுவது என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று நூலோவியம்: நீளமும் குட்டையுமான தையல்களை ஒன்றுக்குள் ஒன்று புகுத்தி, தூரிகையால் தீட்டியதுபோல் நிறத்தை நூலாலேயே கொண்டுவருவது. மற்றது அப்ளிக்: துணித் துண்டுகளை வெட்டி அடித்துணியில் வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, தேவையான கோடுகளை மட்டும் மேலே நூலால் போடுவது. கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளின் வேலை இந்த இரண்டாவது வகை. கம்பளி நூல் வேலை என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அழகில் இரண்டும் குறைந்தவை அல்ல. நூலோவியத்துக்கு நூல் நிறைய வேண்டும், அப்ளிக்குக்கு வீட்டிலுள்ள பழந்துணியே போதும். செலவைப் பற்றி இவ்வளவுதான்.

நான் முதலில் பழகியது நூலோவியம். எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற மனையியல் ரீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சனிக்கிழமைகளில் போனேன். ஆறு இழை நூலைப் பிரித்து ஒரே ஓர் இழையில் தைக்க வேண்டும். பூவிதழின் ஓரத்தில் முதலில் பிளவுத் தையல் (ஒவ்வொரு தையலும் முந்தியதன் நூலைப் பிளந்து வரும் கோடு), அதை மூடிக்கொண்டு நீளம், குட்டை, நீளம், குட்டை. அடுத்த வரிசையில் ஊசி முந்திய வரிசை நூலைப் பிளந்துகொண்டு மேலே வர வேண்டும். தையலின் சாய்வு இதழின் நரம்போடு போகாவிட்டால் பூ தட்டையாகிவிடும். ஒரு செவ்வரத்தம் பூவுக்கு ஐந்து சிவப்பு, ஏழு வாரம். முடிந்தபோது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மினுக்கம் வேறு எந்தத் தையலிலும் வராது.

அதைக் கண்ணாடி போட்டு, கடல் பக்கச் சுவரில் மாட்டினேன். இரண்டாவது மழைக்காலம் முடியும்போது வெள்ளைத் துணியில் கபில நிறப் புள்ளிகள் தெரிந்தன. பிரேமைப் பிரித்ததும் பழைய புத்தக மணம் அடித்தது. கண்ணாடியின் உட்பக்கம் மங்கியிருந்தது. தையல் அடர்த்தியாக இருந்த இடத்தில்தான் பூஞ்சணம் கூடுதலாகப் பிடித்திருந்தது. பிரேம் போட்டவர் துணியை மட்டையில் பசை பூசி ஒட்டி, கண்ணாடி நூலைத் தொடும்படி வைத்திருந்தார். ரீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"பிள்ளை, இதைக் கழுவேலுமோ?"

கழுவிப் பார்த்தேன். சிவப்பு வெள்ளைத் துணியெங்கும் இறங்கிவிட்டது. ஏழு வார வேலை அரை மணித்தியாலத்தில் போனது. அன்றிலிருந்து எந்தக் கைவேலையைப் பார்த்தாலும் முதலில் எனக்கு அந்தக் கேள்விதான் வருகிறது.

பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போதே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் நீரை வைத்துக்கொள்ளும். கொழும்பில் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதம் அதற்கும் மேல். கடலோரம் என்றால் காற்றோடு உப்பும் வந்து துணியில் படியும், அந்த உப்பு இன்னும் ஈரத்தை இழுக்கும். மெல்லிய துணி பகலில் விரைவாகக் காய்ந்துவிடும். நூல்மேல் நூலாக நிறைந்த இடம் அப்படிக் காயாது. அதற்கு மேல் கண்ணாடியையும் நெருக்கிப் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். தூசி, சமையல் புகை எல்லாம் இதற்குப் பிறகுதான். ஆக, கழற்றிக் கழுவி, காயவைத்து, மறுபடி மாட்டக்கூடிய படம்தான் இந்த ஊரில் நிலைக்கும்.

அந்தக் கணக்கில் அப்ளிக் எனக்கு வெகுதூரம் முந்தி நிற்கிறது. ஆனால் எந்த அப்ளிக்கும் கழுவத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் பசைத்தாள் வைத்து வேகமாகச் செய்வது ஒரு வழி. அப்படிச் செய்த ஒன்றைக் கழுவியபோது துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஓரத்தை ஊசி முனையால் உள்ளே தள்ளி மடித்துத் தைப்பதைத்தான் பழக வேண்டும். வெட்டும்போது சுற்றிவர 6 மி.மீ. கூடுதலாக விட்டு, உள்வளைவுகளில் சிறு வெட்டுகள் போட்டு, ஒரு விரல் நீளத்துக்கு மடித்துத் தைத்து, பிறகு அடுத்த விரல் நீளம். முழு ஓரத்தையும் முதலிலேயே மடித்துவிட்டால் வளைவு உடைந்துவிடும். நூல் மேல் துண்டின் நிறத்தில் இருக்க வேண்டும், அடித்துணியின் நிறத்தில் அல்ல. இதைக் கைக்குக் கொண்டுவர எனக்கு மூன்று சனிக்கிழமைகள் போதும் என்றிருந்தது. நீள-குட்டைத் தையல் ஓரளவு படிய ஆறு மாதம் எடுத்தது.

துணி விஷயத்தில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அம்மாவின் பழைய வொயில் சேலைகள். இருபது வருடம் கழுவிக் கழுவிக் கட்டிய சேலை, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, இறங்க வேண்டிய சாயமெல்லாம் இறங்கி முடிந்திருக்கும். என் படத்தில் தொடுவானத்துக் கடல் அம்மா பாடசாலைக்குக் கட்டிப்போன வெளிர்நீலச் சேலை. அருகிலுள்ள கடல் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் வாங்கிய புதிய வெட்டுத்துண்டு. அதை வெந்நீரில் இரண்டு தரம் அலசி, ஈரத்தோடு வெள்ளைத் துணிக்கிடையில் வைத்து அழுத்தி, நீலம் ஒட்டாத பிறகுதான் வெட்டினேன். நூலுக்கும் இதே பரிசோதனை செய்ய வேண்டும். சிவப்பும் கருநீலமும் எந்தக் கம்பனி நூலானாலும் நான் நம்புவதில்லை. சேலைக்கரையின் சரிகையை விட்டுவிடுங்கள், கடற்காற்றில் கறுத்துப்போகும்.

தைக்கும் வரிசை பின்னாலிருந்து முன்னால்: வானம், தூரக் கடல், கிட்டக் கடல், கற்கள். தண்டவாளம் இரண்டு இழை சாம்பல் நூலில் காம்புத் தையல் (ஒன்றோடொன்று சாய்ந்து கயிறுபோல் ஓடும் கோடு), குறுக்குக் கட்டைகள் நேர்த் தையல். கல்லில் அடிக்கும் நுரை பிரெஞ்சு முடிச்சு, அதாவது நூலை ஊசியில் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு. முடிச்சைப் போட்டுவிட்டு ஊசியை வந்த துவாரத்திலேயே இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். துணியின் இரண்டு இழை தள்ளி இறக்க வேண்டும். இவ்வளவு தையல் தெரிந்தால் ஒரு முழுப் படத்துக்குப் போதும். கண்ணாடி போடவில்லை. பின்பக்கம் மேலே துணியால் ஒரு குழாய் தைத்து, மரக்கோல் செருகித் தொங்கவிட்டிருக்கிறேன். அழுக்குத் தெரிந்தால் கோலை உருவி, மென்மையான சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, பிழியாமல் துவாயில் விரித்துக் காயவைப்பேன். இஸ்திரி போடுவது முகம் கீழே இருக்க, அடியில் துவாய் வைத்து. வெயில் நேரே விழும் சுவர் மட்டும் வேண்டாம், எந்தச் சாயமும் அதைத் தாங்காது.

இரண்டு வருடத்தில் மூன்று தரம் கழுவிவிட்டேன், படம் அப்படியே இருக்கிறது. பத்து வருடத்தில் எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கம்பளிக்கு வருவோம். பிரான்சின் பாயூ நகருக்குரிய, ஏறக்குறைய 70 மீற்றர் நீளமான 11ஆம் நூற்றாண்டுத் துணிப்படம் லினன் துணியில் கம்பளி நூலால் தைத்ததுதான், இன்றும் இருக்கிறது. வேகமாக இடம் நிரப்பும், பழகுவதும் இலகு. ஆனால் கம்பளி பருத்தியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஈரம் பிடிக்கும், அந்துப்பூச்சியின் புழுவுக்கும் அது உணவு. நான் ஒரேயொரு இலைதான் கம்பளியில் தைத்தேன். அதனால் அதைப் பற்றி உறுதியாகப் பேசும் உரிமை எனக்கு இல்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு வேண்டாம் என்பது மட்டும் என் முடிவு.

நூலோவியத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எடுக்க வேண்டாம். முகம், இறகு, பூவிதழ் போன்ற நிறம் மெல்ல மாறும் இடங்களில் அப்ளிக்கால் அதன் கிட்டவும் வர முடியாது. உள்ளங்கை அளவுப் படத்தில் 6 மி.மீ. மடிப்புக்கே இடம் இருக்காது, அங்கும் நூலோவியம்தான். உங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி, காய்ந்த அறையாக இருந்தால் தாராளமாகப் பழகுங்கள். கண்ணாடி போட்டே ஆக வேண்டுமென்றால் கண்ணாடிக்கும் துணிக்கும் இடையில் சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், பசை பூச வேண்டாம், மட்டையில் நூலால் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

என் படத்திலும் ஓரிடத்தில் நூலோவியம் இருக்கிறது. கல்லின்மேல் நிற்கும் காகம். அதன் கழுத்துச் சாம்பல் தலையின் கறுப்புக்குள் போய்ச் சேரும் இடத்தை எந்தத் துணித் துண்டாலும் காட்ட முடியவில்லை. தனி வெள்ளைத் துணியில் ஓர் இழையில் அதைத் தைத்து, சாயம் பார்த்து, சுற்றிவர விட்டு வெட்டி, மற்றத் துண்டுகளைப் போலவே மடித்துக் கல்லின்மேல் வைத்துத் தைத்தேன். கழுவும்போது பயமென்றால் அந்த ஓரத் தையலைப் பிரித்து காகத்தை மட்டும் தனியே எடுத்துவிடலாம். இதுவரை எடுக்க வேண்டி வரவில்லை.