வெயில் ஊரில் கம்பளித் தொப்பி: பெரட் அணிந்து பழகிய அனுபவம்

காரைக்குடி வெயிலுக்குக் கம்பளித் தொப்பியா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சித்திரை, வைகாசியில் பெரட் என்ற இந்தத் தட்டையான வட்டத் தொப்பி வேண்டாம். விளிம்பு கிடையாது என்பதால் கண்ணுக்கு நிழல் இல்லை. நண்பகலில் நெற்றியில் படும் தொப்பியின் பட்டை வேர்வையில் ஊறிவிடும். ஆனால் ஐப்பசி மழை பிடித்தது முதல் மாசி வரை, விடியற்காலை நடைக்கும் இரவு பஸ் பயணத்துக்கும் ஆண்களுக்கு இதைவிட நல்ல தொப்பி நான் கண்டதில்லை.

முடி கொட்டிய தலையில் மார்கழிப் பனி எப்படி இறங்கும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். மஃப்ளர் கட்டினால் பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்பதில்லை. பெரட்டை ஒரு காது மறையும்படி இழுத்துவிட்டால் போதும். பிள்ளையார்பட்டியில் சந்நிதிக்குள் நுழையும்போது மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறேன், கசங்குவதே இல்லை. சிறு தூறலும் உள்ளே இறங்காது.

எல்லாம் அதன் தயாரிப்பில் இருக்கிறது. பிரான்சின் தென்மேற்கில், பிரெனீஸ் மலைப்பகுதியில் ஆடு மேய்ப்பவர்கள் அணிந்த தொப்பி இது. தேவையான அளவைவிட மிகப் பெரிதாகப் பின்னி, சோப்பும் வெந்நீரும் விட்டு அடித்துச் சுருக்குவார்கள். இழைகள் இறுகிப் பின்னல் கண்ணே தெரியாமல் போய்விடும். அங்கே ஒலொரோன்-சாந்த்-மரி ஊரில் 1840இல் தொடங்கிய லோலேர் நிறுவனம் இன்றும் இப்படித்தான் கம்பளி பெரட் செய்கிறது. உச்சியில் நிற்கும் குட்டி வால் பின்னலின் நடுத்துளையை மூடுவதற்கானது. தயவுசெய்து அதைக் கத்தரித்துவிடாதீர்கள்.

வெந்நீரில் சுருக்கியது மறுபடி வெந்நீர் பட்டால் மேலும் சுருங்கும். குளிர்ந்த நீரில் அலசுங்கள், பிழியாமல் துண்டில் ஒற்றுங்கள், சாப்பாட்டுத் தட்டின் மேல் விரித்து நிழலில் உலர்த்துங்கள். கோடையில் பெட்டகத்துக்குள் போகும்போது கூடவே வசம்புத் துண்டு வைத்தால் பூச்சி அண்டாது. அக்ரிலிக் என்ற செயற்கை இழையில் செய்த பெரட்டும் என்னிடம் உண்டு. விலை குறைவுதான், ஆனால் ஒரே பருவத்தில் வாய் தளர்ந்து, வேர்வை வாடையும் பிடித்துக்கொண்டது. கம்பளியே வாங்குங்கள்.

தெருவில் பார்க்கிறவர்கள் பட்டாளத்தில் இருந்தீர்களா என்று கேட்கிறார்கள். நம் பக்கத்தில் பெரட் என்றால் என்.சி.சி. அணிவகுப்புதான் நினைவுக்கு வரும். பிரெஞ்சு மலைப்படை 1889இல் இதை எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் டாங்கிப் படைக்கு 1924இல் கறுப்பு பெரட் வந்தது. டாங்கியின் குறுகிய இடத்தில் விளிம்பு இடிக்காது, எண்ணெய்க் கறை தெரியாது என்பதால் அந்தத் தேர்வு. நம் கவசப் படையினர் இன்றும் கறுப்புதான் அணிகிறார்கள். 1960இல் கியூபப் புகைப்படக்காரர் கோர்தா எடுத்த, பெரட் அணிந்த சே குவேராவின் படம் இந்தத் தொப்பிக்கு வேறொரு முகம் தந்தது. இருந்தாலும் சீருடைக்கு முன்பே இது உழைப்பாளியின் தொப்பி. இங்கே வீட்டு முகப்புகளில் தலைப்பாகையும் கோட்டுமாக நிற்கும் ஐயாக்களின் படங்களைப் பார்க்கும்போது, தலைக்கு ஒன்று அணிவது நம் ஆண்களுக்குப் புதிதல்ல என்றே தோன்றுகிறது. வெள்ளை வேட்டி சட்டைக்குக் கருநீல பெரட் அழகாகப் பொருந்துகிறது.

வாங்கும்போது தலைச் சுற்றளவோடு மேல்வட்டத்தின் விட்டத்தையும் கேளுங்கள். 11 அங்குலத்துக்கு மேல் போனால் காதோரம் தொங்குகிறது. உள்துணி தைக்காததாக எடுங்கள். நம் ஊர்க் காற்றில் அதுதான் சீக்கிரம் உலர்கிறது.