படுத்துக் கையால் வலிப்பதா, நின்று துடுப்பால் தள்ளுவதா? கடலுக்கு எந்தப் பலகை

பேடில் போர்டு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நின்றுகொண்டு துடுப்புப் போடும் சப் பலகைதான். அதைவிடப் பழைய முறை ஒன்று இருக்கிறது. பலகைமேல் குப்புறப் படுத்தோ முழங்காலிட்டோ வெறுங்கையால் தண்ணீரை வலித்துப் போவது. கலிபோர்னியாவில் இதை ப்ரோன் என்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கரையோரமுள்ள சான்டா மோனிகா விரிகுடாவில் இரண்டிலும் போய்ப் பார்த்த பிறகு நான் வாங்கியது 12 அடி ப்ரோன் பலகை.

சப் பலகையின் வசதிகள் தெரிந்தவைதான். சீக்கிரம் பிடிபட்டுவிடும். நின்றபடி குனிந்தால் கெல்ப் பாசிக் காடும் ஆரஞ்சு நிற கரிபால்டி மீனும் தெரியும். காற்றடைக்கும் வகையைச் சுருட்டி அபார்ட்மென்ட் அலமாரியில் வைத்துவிடலாம். ஏரிக்கும் படகுத்துறைக்கும் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

திறந்த கடலுக்கு என் பதில் வேறு. காரணம் காற்று. நிற்கிறவரின் உடம்பு முழுவதும் காற்றை வாங்கும். படுத்திருப்பவர் தண்ணீரை ஒட்டியே இருப்பார். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும் இந்த விரிகுடாவில் மதியம் மேற்கிலிருந்து கடற்காற்று எழும். அப்போது ஒருவர் கடலுக்குள் போயிருந்தால் அது கரைப்பக்கம் தள்ளும், சமாளித்துவிடலாம். பயப்பட வேண்டியது குளிர்காலத்தை ஒட்டி வரும் சான்டா ஆனா காற்றுக்கு. அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் அமைதியாகத் தெரியும், உள்ளே போகப்போகக் காற்று ஏறும், திரும்பும்போது எதிர்க்காற்று. சப் பலகையில் அந்த நேரத்தில் எல்லோரும் செய்வது என்ன? உட்கார்ந்துவிடுவார்கள், இல்லை படுத்துக் கையால் வலிப்பார்கள். ஆனால் அகலமான அந்தப் பலகை படுத்து வலிக்கச் செய்யப்பட்டதில்லை; விளிம்புக்கு வெளியே கை எட்டுவதே சிரமம். ப்ரோன் பலகை குறுகலானது, அந்த வேலைக்கென்றே வடித்தது.

இந்த முறையில் கடல் தாண்டுவது புதிதும் இல்லை. ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய ஹவாய்ப் பலகைகளைப் பார்த்து, உள்ளே கூடான பலகைகளைச் செய்தவர் அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக். 1932-இல் அவரும் இரண்டு தோழர்களும் கலிபோர்னியாக் கரையிலிருந்து எதிரே கடலில் இருக்கும் கேட்டலினா தீவுவரை வலித்தே போய்ச் சேர்ந்தார்கள். 1955-இல் தொடங்கிய கேட்டலினா கிளாசிக் பந்தயம் அந்தத் தீவிலிருந்து கலிபோர்னியாக் கரையின் மன்ஹாட்டன் பீச் வரை 32 மைல். இன்றும் அங்கே துடுப்புக்கு இடமில்லை, கை மட்டும்தான்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் கணக்கு தலைகீழாகும். நிற்கிற உடம்பே பாய் ஆகிவிடும். ஹவாயில் மொலோகாய்த் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்குப் போகும் பந்தயத்தில் சப் ஆட்கள் வேகமாகப் போவது அதனால்தான். அப்படிப்பட்ட ஓட்டத்தில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அங்கே எதை வாங்கலாம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நீள வரம்பில்லாத அன்லிமிடெட் பந்தயப் பிரிவின், சுக்கான் வைத்த 17, 18 அடி ப்ரோன் பலகைகளைப் பற்றியும் அப்படியே.

ப்ரோனுக்கு விலை உடம்பில் கொடுக்க வேண்டியிருக்கும். முதலில் கழுத்தும் தோளும் வலிக்கும், நெஞ்சு உராயும். படுத்து வலிப்பதையும் முழங்காலிட்டு இரண்டு கையாலும் ஒன்றாக வலிப்பதையும் மாற்றி மாற்றிச் செய்தால் தாங்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்த மாற்று கிடைக்காது, அவர்களுக்கு சப் நல்லது.

வாங்குவதிலும் பொறுமை வேண்டும். சப் பலகை எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைக்கும். ப்ரோன் பலகை பெரும்பாலும் ஆர்டர் கொடுத்துச் செய்வது, பழையது வந்தால் ஓட்டுகிறவர்களுக்குள்ளேயே கைமாறிவிடும். முதல் பலகைக்கு, பந்தயங்களில் ஸ்டாக் என்று சொல்லும் 12 அடி அளவே போதும். அதை வைக்க வீட்டில் நீளமான ஒரு சுவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே அளந்துவிடுங்கள். எதை வாங்கினாலும் லைஃப் ஜாக்கெட், விசில், பலகையைக் காலோடு கட்டும் லீஷ் கயிறு மூன்றும் இல்லாமல் அலை உடையும் எல்லையைத் தாண்டாதீர்கள்.