“எங்க பாட்டி காய்ச்சின குங்குமப்பூ எண்ணெய்”: 2,697 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்குப் பூசும் எண்ணெய் மூன்று பாட்டில் வாங்கி 2,697 ரூபாய் ஏமாந்தேன். பெயரைப் போடப் போவதில்லை. ஊர் ஊராகக் கண்காட்சி போட்டு மூலிகை அழகுப்பொருள் விற்கிறவர்கள், அவ்வளவுதான். லேபிளை எப்படிப் படிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் பாபநாசம் பக்கம். வீட்டிலேயே தையல். லைனிங் பிளவுஸுக்கு 250 ரூபாய் கூலி. 2,697 என்றால் கிட்டத்தட்ட பதினோரு பிளவுஸ், கொக்கி கட்டுவது உட்பட.

மூன்று வாரத்துக்கு முன் லைனிங் துணி எடுக்கக் கும்பகோணம் போயிருந்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் விற்பனைக் கண்காட்சி. வெயிலுக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன், சத்தியமாக வாங்கும் எண்ணமே இல்லை. ஒரு மேசையில் வெண்கல உருளி, அதில் வேரும் பட்டையுமாகக் குவித்து வைத்திருந்தார்கள். பின்னால் ஒரு பெண், இருபத்தைந்து வயதுதான் இருக்கும், தலை நிறைய மல்லிகை.

“எந்த ஊருக்கா?”

சொன்னேன்.

“அட, நான் வலங்கைமான்க்கா! பங்குனியில பாடைக்காவடிக்கு வருவீங்கல்ல? இந்தத் தடவை நேரா நம்ம வீட்டுக்கு வந்துடணும், சொல்லிட்டேன்.”

அங்கேதான் விழுந்தேன். வலங்கைமான் மகமாயிக்கு வேண்டிக்கொண்டு பாடையில் படுத்து வருகிற நேர்த்திக்கடன்தான் பாடைக்காவடி, எங்கள் வீட்டிலேயே எடுத்தவர்கள் உண்டு. மகமாயி பெயரைச் சொல்லிப் பேசுகிறவள் ஏமாற்றுவாள் என்று யாருக்குத் தோன்றும்?

என் இடது புறங்கையில் ஒரு சொட்டு விட்டாள். இரண்டு தேய்ப்பு, எண்ணெய் போன இடம் தெரியவில்லை. பிசுபிசுப்பு துளிகூட இல்லை, தோல் மட்டும் பளபளவென்று மின்னியது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். ரத்தினச் சிவப்பு, அடியில் நாலு குங்குமப்பூ இழை. “எங்க பாட்டி இந்த உருளியிலதான் காய்ச்சுவாங்க” என்றாள். அப்புறம் கேட்காமலே என் கன்னத்தைத் தொட்டு, “இந்த மங்கு நாப்பத்தஞ்சு நாள்ல காணாமப் போயிடும்க்கா.” சின்னவன் பிறந்ததிலிருந்து கன்னத்தில் இருக்கிற கருந்திட்டு, அதுதான் மங்கு. அதைப் பற்றி யாராவது பேசினாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஒன்று 899, மூன்று போட்டால்தான் முழுப்பலன் என்றாள். போனில் ஸ்கேன் செய்து 2,697 அனுப்பினேன். பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. திருவிழாவுக்குக் கூப்பிட்டவள் எதிரிலேயே பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது மரியாதையாக இருக்குமா என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலைதான் இது.

ஐந்தாம் நாள் இரண்டு கன்னத்திலும் பொடிப்பொடியாகப் பரு. ரசீதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். “கழிவு வெளியேறுதுக்கா, நல்ல அறிகுறி. நிறுத்திடாதீங்க.” நானும் நிறுத்தவில்லை, என் புத்தியைச் சொல்லணும். எட்டாம் நாள் முகவாய் வரை இறங்கியது. இந்த முறை ஓர் ஆண் குரல். ராத்திரி பூசினீர்களா காலையில் பூசினீர்களா, தயிர் சாப்பிட்டீர்களா, கத்தரிக்காய் சாப்பிட்டீர்களா என்று வரிசையாகக் கேள்வி. போட்டோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமானது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால், “திறந்த பாட்டில் திருப்பி எடுக்க மாட்டோம் மேடம்.” அக்கா எப்போது மேடம் ஆனேனோ தெரியவில்லை. இரண்டு பாட்டில் திறக்கவே இல்லையே என்றேன். “கண்காட்சி முடிஞ்சிருச்சு மேடம், நாங்க இப்ப வேற மாவட்டத்துல இருக்கோம்.” அந்த வலங்கைமான் பெண் எங்கே என்றேன். “எந்தப் பொண்ணு? அந்தந்த ஊர்ல தினக்கூலிக்கு ஆள் எடுப்போம் மேடம்.” அதற்குப் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.

போன ஞாயிறு அண்ணன் மகள் வந்தாள். தஞ்சாவூரில் பி.பார்ம் படிக்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கேட்டாள். “அத்தை, முன்பக்கத்தைக் கையால மூடிக்கிட்டு பின்பக்கத்தை மட்டும் படிங்க” என்றாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது.

சேர்த்த பொருட்களின் பட்டியலில் முதல் பெயர் லைட் லிக்விட் பாரபின். அது பெட்ரோலிய எண்ணெய். இதே பாட்டிலின் முன்பக்கம் ‘100% இயற்கை’ என்று கொட்டை எழுத்து. பாரபின் விஷமில்லை அத்தை, பிள்ளைக்குப் பூசுகிற எண்ணெயிலேயே இருக்கிறது என்றாள். சரி, அப்படியென்றால் அதை அந்த விலைக்கு விற்க வேண்டியதுதானே?

இரண்டாவது ஐசோப்ரோபைல் மிரிஸ்டேட். என் புறங்கையில் எண்ணெய் மாயமாக மறைந்ததே, அந்த வித்தை இதுதான். பிசுபிசுப்பை எடுத்து வழவழவென்று பரவ வைக்கும். பரு வருகிற வாகுள்ள முகத்தில் துவாரத்தை அடைத்துப் பருவைக் கிளப்புவதற்கும் பேர்போனது. எதைப் பார்த்து நம்பினேனோ அதுவேதான் என் கன்னத்தைக் கெடுத்திருக்க வேண்டும் என்றாள். கழிவாம், வெளியேறுதாம்!

அதற்கப்புறம் பாதாம் எண்ணெய், வாசனை, டோகோஃபெரில் அசிடேட். அதற்கும் பின்னால்தான் குங்குமப்பூ சாறு. அதிகமாக இருப்பதை முதலில் போட்டு இறங்குவரிசையில் எழுதுவார்கள், ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். வாசனைக்கும் பின்னால் நிற்கிற குங்குமப்பூ எவ்வளவு இருக்கும், நீங்களே சொல்லுங்கள். ஒரு பூவுக்கு மூன்றே இழை, ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூ வேண்டும்.

அப்படியானால் அந்தச் சிவப்பு? பட்டியலின் கடைசி வரி: சி.ஐ. 26100, சி.ஐ. 47000. சி.ஐ. என்று போட்டால் அது சாயத்தின் எண். ஒன்று சிவப்புச் சாயம், இன்னொன்று மஞ்சள், இரண்டுமே எண்ணெயில் கரைகிறவை. குங்குமப்பூவுக்கு நிறம் கொடுக்கும் குரோசின் தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. பாலில் போட்டால் பொன்னிறம் இறங்குவது அதனால்தான். வெறும் எண்ணெயில் இழையைப் போட்டு வைத்தால் இப்படி ரத்தினமாகச் சிவக்காது. இழையை எடுத்து வெந்நீரில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். எண்ணெயில் ஊறியது, அந்தச் சோதனை இனிச் செல்லாது என்றாள்.

ஆயுர்வேதத்தில் குங்குமப்பூ எண்ணெய்க்குக் குங்குமாதி தைலம் என்று பெயர். உண்மையான தைலம் என்றால் நல்லெண்ணெயில் மஞ்சிட்டி, அதிமதுரம், சந்தனம், ஆட்டுப்பால் எல்லாம் சேர்த்து நீர் வற்றும்வரை காய்ச்சுவது. இதில் நல்லெண்ணெய் என்ற வார்த்தையே இல்லை. முன்பக்கம் ஆரஞ்சுப் பழம் படம் போட்டு வைட்டமின் சி என்று எழுதியிருக்கிறது. பின்பக்கம் சி-யும் இல்லை, அதன் நிழலும் இல்லை. டோகோஃபெரில் அசிடேட் என்பது வைட்டமின் இ. ‘ஆயுர்வேத’ என்று முன்னால், ஆனால் பின்னால் இருப்பது அழகுசாதன உரிம எண். தயாரித்த இடம் வட மாநிலத்துத் தொழிற்பேட்டை ஒன்று. பாட்டி அங்கேதான் உருளி வைத்துக் காய்ச்சுகிறாள் போலிருக்கிறது.

தோல் டாக்டரிடம் போனேன். எண்ணெயை நிறுத்தச் சொன்னார். மங்குக்கு முதல் எதிரி வெயில், சன்ஸ்கிரீன் இல்லாமல் எதைப் பூசினாலும் வீண் என்றார். அந்தச் செலவு தனி, 2,697-இல் சேராது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆனால் நாளைக் காலைக்குள் நாலு பிளவுஸ் கொடுக்கணும். அதனால் சுருக்கமாக: பெட்டியைத் திருப்பாமல் காசு கொடுக்காதீர்கள். முதல் மூன்று பெயர்தான் நீங்கள் வாங்குகிற பொருள், மீதி பெரும்பாலும் ஒப்புக்கு. முழங்கை மடிப்பில் தடவி இரண்டு மூன்று நாள் பார்க்காமல் முகத்தில் வைக்காதீர்கள். கழிவு வெளியேறுது என்று சொன்னால் அன்றைக்கே நிறுத்துங்கள். ரசீதில் முகவரி இல்லாமல் வெறும் போன் எண் மட்டும் இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள், நான் வாங்கினேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தாயிற்று. திறக்காத இரண்டு பாட்டிலையும் பெட்டியோடு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். பணம் வருமோ வராதோ. பங்குனியில் வலங்கைமானுக்குப் போகத்தான் போகிறேன், அந்த இரண்டு பாட்டிலோடு.