மவுஸ் திக்கினால் மவுஸை மாற்றாதீர்கள்: என் ப்ளூடூத் அனுபவம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் டிடிபி, பேனர் டிசைன் வேலை செய்கிறேன். லேப்டாப்போடு ப்ளூடூத் மவுஸ், கீபோர்டு, ஹெட்செட் மூன்றும் எந்நேரமும் இணைந்தே இருக்கும். மவுஸ், ப்ளூடூத்திலும் ஓடும், டாங்கிளிலும் (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர்) ஓடும் வகை. சில மாம்பழ சீசன்களின் அடியைத் தாங்கியும் பட்டன், ஸ்க்ரோல் எதிலும் குறையில்லை. படுத்தியது திக்கல் ஒன்றுதான்.

சும்மா நெட் பார்க்கிறவருக்கு இது தெரியாது. கோரல் டிராவில் ஒரு எழுத்தின் வளைவை இழுக்கும்போதுதான் தெரியும். கர்சர் ஒரு கணம் நின்றுவிடும். அப்புறம் கை போன தூரத்தை ஒரே தாவலில் பிடிக்கும். வளைவு பக்கத்து எழுத்துக்குள் போய் விழுந்திருக்கும். மாம்பழப் பெட்டி லேபிளுக்காக வந்து உட்கார்ந்திருந்த மண்டிக்காரர், "என்னங்கண்ணா, சிஸ்டம் ஹேங்கா?" என்றார். அதே நேரத்தில் டச்பேடில் விரலை வைத்தேன். கர்சர் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆக, சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது, சிக்கல் காற்றில்.

ப்ளூடூத், பழைய வைஃபை, மவுஸ் டாங்கிள் எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் பேசுகின்றன. ஹெட்செட்டின் கிளாசிக் ப்ளூடூத் அந்தப் பட்டையை 79 தடங்களாகப் பிரித்து நொடிக்கு 1600 முறை தடம் மாறும். இன்றைய மவுஸ்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் லோ எனர்ஜி வகைக்கு 40 தடங்கள். நெரிசலான தடத்தைத் தவிர்க்கும் புத்தியும் ப்ளூடூத்துக்கு உண்டு. ஆனால் ரௌட்டர் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடினால் பட்டையில் பாதி போய்விடும். போதாததற்குப் பல லேப்டாப்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா. பெரிய ஃபைல் இறங்கும்போது ப்ளூடூத் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பாட்டு கொஞ்சம் முன்கூட்டியே சேமித்து வைத்து ஓடுவதால் காதுக்குத் தெரியாது. மவுஸுக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் முதல் அடி மவுஸுக்கு விழுகிறது.

எனக்குப் பெரிய வித்தியாசம் தந்தது லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றியது. ரௌட்டரில் இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் இருந்தால் லேப்டாப் தன் இஷ்டத்துக்குப் பழையதற்கே திரும்பிவிடும். தனித்தனிப் பெயர் வையுங்கள். 2.4-ன் அகலத்தையும் 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். சுவர் தாண்டினால் 5 கொஞ்சம் சோர்ந்துவிடும், கடை அளவுக்குப் போதும்.

மிச்சம் இருந்த திக்கலுக்குக் காரணம், யாரும் சந்தேகப்படாத எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதே 2.4 பட்டையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கை நீளமான கேபிளில் இடது பக்கம் தள்ளி வைத்தேன், பேக்கப் ஓடும்போதும் கர்சர் நிற்பதில்லை. டாங்கிள் போடுகிறவர்கள் அதை டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் செருகவே கூடாது. ஒரு யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு மவுஸ் பக்கம் கொண்டுவாருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் அடாப்டரின் மின்சேமிப்பு டிக்கை எடுக்கச் சொல்வார்கள். எடுத்தேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை, கெடுதலும் இல்லை.

ஹெட்செட் மைக்கில் பேசும்போது மட்டும் இன்னும் அவ்வப்போது திக்குகிறது. பாட்டுக்கு இல்லாத சலுகை பேச்சுக்கு உண்டு: குரலுக்கென்று சீரான இடைவெளியில் நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும், மற்றதெல்லாம் மிச்சத்தில்தான். கஸ்டமரோடு மீட்டிங் என்றால் லேப்டாப் மைக்கையே வைத்துக்கொள்கிறேன், அல்லது மவுஸை டாங்கிளுக்கு மாற்றிவிடுகிறேன்; அடியில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான்.

டீ குடித்துவிட்டு வந்து தொட்டதும் மவுஸ் அரை நொடி யோசிக்கிறதே, அது வேறு கதை. தூங்கி எழுகிறது. பேட்டரி மாதக்கணக்கில் வருவதே அந்தத் தூக்கத்தால்தான் என்பதால் அதை நான் தொடவில்லை.