மலைப்பாதைக் கடையில் 'சுத்தக் கம்பளி' நூல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் மலைப்பக்கம் போயிருந்தபோது பின்னுவதற்கு ஐந்து சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூல் கட்டு) நூல் வாங்கினேன். கையால் நூற்றது, நூற்றுக்கு நூறு செம்மறிக் கம்பளி என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தால் அதில் ஐந்தில் நாலு பங்கு அக்ரிலிக் என்ற செயற்கை இழை. பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ஊசியும் நூலுமாக ஊர் சுற்றுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பதால், எந்த இடத்தில் ஏமாந்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

எங்கே கிளம்பினாலும் என் பையில் ஒரு வட்ட ஊசியும் பாதியில் நிற்கும் பின்னலும் இருக்கும். மூங்கில் ஊசிதான் எடுத்துப் போவேன். குளிர்காற்றில் உலோக ஊசி விரலைக் கடிக்கும். ஏரிக்கரைப் பாறையில் உட்கார்ந்து நாலு வரிசை பின்னினால் போதும், அந்த ஏரி அந்தப் பின்னலுக்குள் வந்துவிடும். வருடங்கள் கழித்து அந்தக் குல்லாவை எடுத்தால் மேகம் எந்தப் பக்கமிருந்து இறங்கியது என்பதுவரை நினைவுக்கு வரும். அதனால்தான் போகிற இடத்திலேயே, அந்த மண்ணின் நூலையே வாங்க ஆசைப்படுகிறேன். அந்த ஆசையைத்தான் அந்தக் கடைக்காரர் பயன்படுத்திக்கொண்டார்.

கடை, நடைபாதை இறங்கி முடியும் இடத்தில் இருந்தது. மூன்று மணி நேரம் நடந்து வந்த களைப்பு. எதிர்ச் சரிவில் நாற்பது ஐம்பது செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. வாசலில் ஒரு ராட்டை. உள்ளே பாசிப்பச்சை, கரும்பழுப்பு, மேகச் சாம்பல் என்று சிட்டங்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் பழுப்புக் காகித லேபிள், அதில் ஒரு ஆட்டுத் தலை, 'சுத்தக் கம்பளி, 100 கிராம், 300 மீட்டர்'. "வெளியே மேயுது பாருங்க, அந்த ஆட்டு ரோமம்தான். இங்கேயே நூத்தது" என்றார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு அவரே தீப்பெட்டியை எடுத்தார். "சந்தேகமே வேண்டாம், கொளுத்தியே காட்டுறேன்."

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மேசைக்குக் கீழே குனிந்து அதே பாசிப்பச்சையில் ஒரு கண்டை எடுத்தார். விரல் நீளத்துக்கு நூலை வெட்டிக் கொளுத்தினார். முடி கருகும் வாடை வந்தது. தீக்குச்சியை விலக்கியதும் நூல் தானாகவே அணைந்தது. கருஞ்சாம்பலை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் காட்டினார், பொடிப்பொடியாக உதிர்ந்தது. அசல் கம்பளி அப்படித்தான் எரியும், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவர் கொளுத்தியது நான் வாங்கிய சிட்டத்து நூலை அல்ல. எல்லாம் கண்ணெதிரில் நடந்தது. நான் தீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன 1200 மீட்டர் வேண்டும். ஐந்து சிட்டம் எடுத்தால் 1500 மீட்டர், மிச்சத்தில் எனக்கு ஒரு ஜோடி கையுறை என்று கணக்குப் போட்டு ரொக்கமாகக் கொடுத்தேன். பில்லில் 'நூல் – 5' என்று மட்டும் எழுதியிருந்தார். கம்பளி என்ற சொல்லே அதில் இல்லை என்பதை அறைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

கடையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெளியே மேய்ந்த ஆடுகளின் ரோமம் நீளமாக, முரடாக, சடை பிடித்துத் தொங்கியது. அப்படிப்பட்ட ரோமம் கம்பளத்துக்கும் கனத்த போர்வைக்கும் ஆகும். கழுத்தில் வைத்தால் குத்தும். இழையின் குறுக்களவு சுமார் 30 மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தாண்டினாலே நம் தோலுக்கு உறுத்தத் தொடங்கும். மெரினோ என்ற செம்மறி இனத்தின் கம்பளி மிருதுவாக இருப்பதற்குக் காரணம் அது அதைவிட மிக மெல்லியதாக இருப்பதுதான். என் கையில் இருந்த நூலோ குழந்தைக் கன்னம்போல் வழுவழுவென்று இருந்தது. அந்த ஆட்டிலிருந்து இந்த நூல் வரவே முடியாது. மிருதுவாக இருப்பதைக் கண்டதும் நல்ல நூல் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஆட்டையும் நூலையும் சேர்த்து வைத்து யோசிக்கவில்லை. இன்னொன்று, கையால் நூற்ற நூலில் எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் எங்கேயாவது இம்மியளவு தடிமன் மாறும். இது முழுக்க இயந்திரத்தில் இழுத்ததுபோல் ஒரே சீராக இருந்தது.

அன்று இரவே கையுறையை ஆரம்பித்தேன். அடுத்த நாள் நீரோடை ஓரம் உட்கார்ந்து கட்டைவிரல் பிரியும் இடம்வரை வந்தபோது நூலில் ஒரு முடிச்சு. முடிச்சோடு பின்ன எனக்குப் பிடிக்காது. வெட்டிவிட்டு, இரண்டு நுனிகளின் புரிகளையும் பிரித்து, ஒன்றோடொன்று மேலாக வைத்து, எச்சில் தொட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வேகமாகத் தேய்த்தேன். கம்பளியில் எப்போதும் செய்வதுதான். கம்பளி இழையின் மேல் மீன்செதில்போல் நுண்ணிய அடுக்குகள் இருக்கும். ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இரண்டு நுனியும் ஒரே நூலாகிவிடும். இதில் ஒட்டவே இல்லை. உள்ளங்கை சிவக்கத் தேய்த்தும் இழுத்தவுடன் இரண்டாகப் பிரிந்து வந்தது.

சூப்பர்வாஷ் கம்பளியும் இப்படி ஒட்டாது என்பது உண்மைதான். இயந்திரத்தில் துவைப்பதற்காக அந்தச் செதில்களைக் குளோரினால் மழுக்கி மேலே மெல்லிய பாலிமர் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஆனால் மலைக்கிராமத்து ராட்டையில் நூற்றதாகச் சொல்கிற நூலுக்கு அந்தப் பூச்சு எங்கிருந்து வரும்? அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை, பயணம் கெட்டுப்போகக் கூடாது என்று நானே அமுக்கிவிட்டேன்.

கடைசி நாள் மேட்டுப் புல்வெளியில் நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கையுறை கையில் இருந்தது. கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம்வரை ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும், அப்போதும் நனைந்ததாகத் தோன்றாது. ஈரத்திலும் கதகதப்பு விட்டுப்போகாது என்பதற்காகத்தான் மலைக்கு அதை நம்பிப் போகிறோம். எனக்கோ கால் மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. பையின் ஜிப்பைத் திறக்கக்கூட முடியவில்லை. கையுறையைக் கழற்றிப் பிழிந்தேன், நீர் ஒழுகியது. முகத்தருகே வைத்து மோந்தேன். நனைந்த கம்பளிக்கென்று ஒரு வாடை உண்டு, நனைந்த ஆட்டின் வாடை. பின்னுகிறவர்களுக்கு அது மறக்காது. இதில் ஒன்றுமே இல்லை. மழைத் தண்ணீரின் வாசம் மட்டும்தான்.

அறைக்குத் திரும்பியதும் சிட்டத்திலிருந்து நானே ஒரு துண்டு வெட்டிக் கொளுத்தினேன். முடி கருகும் வாடை இலேசாக வந்தது. ஆனால் தீக்குச்சியை விலக்கிய பிறகும் நூல் எரிந்துகொண்டே போனது, கரும்புகை விட்டது, உருகிச் சொட்டியது. ஆறிய பிறகு நுனியில் மிளகு போலக் கறுத்த, கெட்டியான உருண்டை. நகத்தால் நசுக்கினால் நசுங்கவில்லை. கொஞ்சம் கம்பளி கலந்திருந்தாலே முடி வாடை வந்துவிடும், அதனால் வாடையை மட்டும் நம்பாதீர்கள். மிஞ்சுவது பொடியா உருண்டையா என்று பாருங்கள். இதைச் செய்யும்போது நூலை இடுக்கியால் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே வைத்துச் செய்யுங்கள். உருகிய அக்ரிலிக் தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு கொப்புளமாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு கலப்பு என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று குளோரின் பிளீச் சோதனையும் செய்தேன். கம்பளி, தலைமுடியைப் போலப் புரத இழை. குளோரின் பிளீச்சில் கரைந்து போகும். அக்ரிலிக் கரையாது, பருத்தியும் கரையாது. பத்து கிராம் நூலைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும் அளவு பிளீச் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன். (அந்த ஜாடியில் வினிகரோ வேறெந்த அமிலமோ கழிப்பறை திரவமோ படவே கூடாது, நச்சு வாயு வரும்.) சிறு சிறு குமிழ்கள் கிளம்பின. காலையில் வடித்துக் கழுவிக் காயவைத்து எடைபோட்டால் எட்டு கிராம் அப்படியே இருந்தது. சுத்தக் கம்பளியாக இருந்திருந்தால் ஜாடியில் நூலே மிஞ்சியிருக்காது.

நீளத்திலும் ஏமாற்றியிருந்தார்கள். சிட்டத்தைப் பிரித்து வளையமாக விரித்து அளந்தேன், ஒரு சுற்று 1.5 மீட்டர். ஓரிடத்தில் இழைகளை எண்ணினால் 152. இரண்டையும் பெருக்கினால் 228 மீட்டர்தான் வருகிறது, லேபிளில் இருப்பதோ 300. எடை மட்டும் சரியாக 100 கிராம். ஐந்து சிட்டத்துக்கும் சேர்த்து 1140 மீட்டர். கையுறையே பின்னாமல் இருந்திருந்தாலும் அப்பாவின் ஸ்வெட்டருக்குப் போதாது. கை ஒன்று பாதியில் நின்றிருக்கும். இந்தக் கணக்கைக் கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம், ஒரு அளவுநாடா போதும். இனி நான் அளக்காமல் வாங்கப்போவதில்லை.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "கொளுத்திக் காட்டினேனே, நீங்களே பார்த்தீங்களே" என்றார். பிளீச் சோதனையைச் சொன்னதும் "பின்ன ஆரம்பிச்ச நூலைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். பின்னாத நாலு சிட்டம் அப்படியே இருக்கின்றன என்றேன். லைன் கட்டானது. அதன் பிறகு மூன்று நாள் முயன்றும் எடுக்கவில்லை. பில்லில் கம்பளி என்று எழுதாத காரணம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அக்ரிலிக்கை நான் குறை சொல்லவில்லை. 1950-ல் ஆர்லான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து எத்தனையோ வீடுகளில் அது உழைத்திருக்கிறது. அடிக்கடி துவைக்க வேண்டியதற்கும், கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் நானே அதில் பின்னித் தருகிறேன். அக்ரிலிக் என்று சொல்லி விற்றிருந்தால் அந்தப் பாசிப்பச்சைக்காகவே ஒரு சிட்டம் வாங்கியிருப்பேன். பொய் சொல்லி விற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை, அதுவும் மழையிலும் குளிரிலும் நடக்கிறவர்களிடம்.

அதனால் பயணத்தில் நூல் வாங்கும்போது தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: நீங்கள் எடுக்கப்போகும் சிட்டத்திலிருந்து, உங்கள் கையாலேயே ஒரு துண்டை வெட்டிக்கொள்ளக் கேளுங்கள். விலை கொடுத்தாவது கேளுங்கள். கொளுத்துவதும் நீங்களே கொளுத்துங்கள், கடைக்கு வெளியே வந்து. எச்சில் தொட்டுத் தேய்த்தும் பாருங்கள். நேர்மையான கடைக்காரர்கள் இதற்குக் கோபிப்பதில்லை. முன்பொரு பயணத்தில் ஒரு அம்மா தானே துண்டு வெட்டிக் கொடுத்து, எந்த ஆட்டின் ரோமம் என்பதுவரை காட்டினார். லேபிளில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் 1939-ம் வருடத்துக் கம்பளி லேபிள் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1007/2011 ஒழுங்குமுறையும் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆட்டுப் படம் எந்தச் சட்டத்துக்கும் பதில் சொல்லாது. கேஷ்மீர் (வெள்ளாட்டின் மென்ரோமத்தில் நூற்றது) என்றால் இன்னும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்: ஒரு ஆட்டிடம் வருடத்துக்குக் கிடைப்பது சுமார் 150-200 கிராம் மென்ரோமம்தான், அது பாதையோரத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்காது. கடைசியாக, பில்லில் 'கம்பளி 100 சதவீதம்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சிட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும்.

பழுப்புக் காகிதத்தில் ஆட்டுத் தலை அச்சிட்ட அந்த லேபிள் உங்களில் யாரிடமாவது இருந்தால், பின்ன ஆரம்பிக்கும் முன் இன்றைக்கே ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பாருங்கள். ஏற்கெனவே பின்னிவிட்டீர்கள் என்றால், அதைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கமோ விறகு நெருப்பின் அருகிலோ யாரையும் உட்காரவிடாதீர்கள். கம்பளி என்று நம்பிக் குழந்தைக்குப் போர்வை பின்னியிருந்தால் முதலில் அதை எடுத்து வையுங்கள்.