மினிமோக்கா, ஒடிசியா?

ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் பேசும் பழைய அனலாக் சிந்தசைசரை (மின்சுற்றுகளால் ஒலி உண்டாக்கும் கட்டைக் கருவி) வாங்கி வைத்து வாசிக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவில் வந்து நிற்பார்கள். ராபர்ட் மோக்கின் நிறுவனம் நியூயார்க் மாநிலத்தில் 1970-இல் உருவாக்கிய மினிமோக் ஒன்று. ஆலன் பேர்ல்மனின் ஆர்ப் நிறுவனம் மாசசூசெட்ஸில் 1972-இல் அதற்குப் போட்டியாக இறக்கிய ஒடிசி இன்னொன்று. இரண்டின் உற்பத்தியும் 1981-இல் நின்றது.

என்னென்ன வசதி என்று எண்ணினால் ஒடிசிதான் ஜெயிக்கும். ஆசிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) இரண்டே என்றாலும் ஒன்றை இன்னொன்றோடு பூட்டும் சிங்க், இரண்டு அலைகளைப் பெருக்கி மணியோசைபோலத் தரும் ரிங் மாடுலேட்டர், மாறும் மின்னழுத்தத்தை அவ்வப்போது எடுத்துப் பிடித்துவைக்கும் சாம்பிள் அண்ட் ஹோல்ட், மேல் அதிர்வுகளை வடிகட்டும் லோ-பாஸ் போக கீழ் அதிர்வுகளை வடிகட்டும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர், ஒலியை அசைக்கும் மெதுவான அலைக்கென்று தனி எல்.எஃப்.ஓ. எல்லாம் அதில் உண்டு. மினிமோக்கில் மூன்று ஆசிலேட்டர்கள். ஆனால் ஒலியை அசைக்க மெதுவான அலை வேண்டுமென்றால் மூன்றாவதைத்தான் அந்த வேலைக்கு அனுப்ப வேண்டும், அப்போது ஒலிக்க மிஞ்சுவது இரண்டு. ஒரே ஸ்வரம் என்ற வரம்பையும் ஒடிசி கொஞ்சம் மீறும்: இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு ஆசிலேட்டர் கீழ் ஸ்வரத்தையும் மற்றது மேல் ஸ்வரத்தையும் எடுத்துக்கொள்ளும். கீழே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ராகத்தை வாசிக்கலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

இருந்தாலும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் மினிமோக்கைத்தான் எடுப்பேன். காரணம் இடது கை.

மினிமோக்கின் கட்டைகளுக்கு இடப்பக்கம் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. அதில் சுருதியை வளைக்கும் சக்கரத்தில், தானாக நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. எங்கே நிறுத்துகிறோமோ அங்கேயே நிற்கும், திரும்பிக் கொண்டுவருவதும் நம் பொறுப்பு. பழகும்வரை சுருதி பிசகும். பழகியபின் ஸ்வரத்தைத் தடவி ஏறி, பாதியில் நின்று, அசைத்து இறங்கலாம். கீபோர்டு கலைஞர் யான் ஹாமர் அந்தச் சக்கரத்தை வைத்துத்தான் கிட்டார் தந்தியை இழுப்பதுபோல வாசித்தார். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே புரியும். ஒடிசியின் முதல் வடிவத்தில் இதற்கு ஒரு குமிழ் மட்டும்தான். பிந்தைய கருவிகளில் அமுக்கிப் பிடிக்கும் மூன்று ரப்பர் பட்டைகள் வந்தன: ஒன்று சுருதியை இறக்கும், ஒன்று ஏற்றும், நடுவில் உள்ளது நடுக்கம் தரும். என் விரலுக்கு அவை சக்கரத்தின் நுணுக்கத்தைத் தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. மினிமோக்கில் ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் வடிவம்) புதிதாகத் தொடங்காது. வயலினில் ஒரே வில்லில் நாலு ஸ்வரம் வாசிப்பதுபோல ஓடும், விரலை எடுத்து வைத்தால்தான் புது வில். ஒடிசி ஒவ்வொரு கட்டைக்கும் புதிதாகத் தொடங்கும். விறுவிறுப்பான, வெட்டி வெட்டிப் போகும் வரிகளுக்கு அதுதான் பொருத்தம். பாடுவதுபோல வாசிக்க மினிமோக்தான்.

ஒலியும் வேறுவேறு. மினிமோக்கின் லேடர் ஃபில்டர் (ஏணிபோல டிரான்சிஸ்டர்களை அடுக்கிய வடிகட்டி) தரும் ஒலி கனமானது, உருண்டையானது. ஹெட்போன் வெளியீட்டை, வெளி ஒலியை வாங்கும் அதன் உள்ளீட்டிலேயே செருகினால் இன்னும் தடித்து உறுமும். ஒடிசியின் ஃபில்டர் காலத்துக்குக் காலம் மாறியது. வெள்ளை முகப்பு கொண்ட முதல் வடிவத்தில் இருந்தது கூர்மையான, சற்றுக் கரகரப்பான, 4023 என்ற எண் கொண்ட ஃபில்டர். அப்புறம் மோக்கின் லேடரை ஒத்த 4035 வந்தது, அதன்பின் 4075. ஆகவே ஒடிசி என்று கேட்டு வாங்கப் போகிறவர் எந்த ஒடிசி என்றும் கேட்க வேண்டும்.

ரிப்பேர் விஷயத்தில் மினிமோக் நல்ல நண்பன். அதன் பாகங்களில் பெரும்பகுதி தனித்தனி டிரான்சிஸ்டர்கள். தெரிந்தவர் திறந்து ஒவ்வொன்றாக மாற்றலாம். ஆர்ப் நிறுவனமோ ஃபில்டர் போன்ற சில பகுதிகளை எபாக்சி பிசினில் புதைத்துவிட்டது. உள்ளே ஒன்று செத்தால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். ஒடிசியின் திறந்த பள்ளங்களில் ஓடும் ஸ்லைடர்களில் (நகர்த்தும் கட்டுப்பாடுகளில்) தூசியும் இறங்கும். சரி, பணம்? மினிமோக்குக்குக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

பழசுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் வேறு வழிகளும் உண்டு. ஜப்பானின் கோர்க் நிறுவனம் 2015-இல் ஒடிசியை 86 சதவீத அளவில் மறுபடி கொண்டுவந்தது, மூன்று ஃபில்டர்களும் ஒரே பெட்டியில். கட்டைகள் சிறியவை, பெரிய கை உள்ளவர்களுக்கு நெருக்கும். மோக் நிறுவனமும் 2016-இலும் 2022-இலும் மினிமோக்கை மீண்டும் செய்தது.

பழையதையே பார்க்கப் போகிறீர்கள் என்றால் விற்பவர் வீட்டில் அரை மணி நேரமாவது கருவியைச் சூடேற விடுங்கள். குளிர்ந்த ஆசிலேட்டரின் சுருதியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பிறகு கீழ்க் கட்டையில் சுருதி சேர்த்து, மேல் கட்டைவரை ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஷட்ஜத்தைத் தொட்டுப் பாருங்கள். மினிமோக் என்றால் சக்கரத்தை மெதுவாக, மிக மெதுவாக உருட்டுங்கள். இடையில் சுருதி எங்காவது குதித்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.