ஸ்பீக்கர் தூசிக்குப் பிரஷ்ஷா, வாக்யூமா?

டெல்லியில் மே, ஜூன் மாதங்களில் ஆந்தி என்னும் புழுதிப் புயல் அடித்தால் ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் பயனில்லை. மறுநாள் காலையில் எங்கள் மயூர் விஹார் வீட்டு மேஜை மேல் விரலாலேயே கோலம் போடலாம். 2011இல் வாங்கிய கறுப்பு ஸ்பீக்கர் ஜோடி ஒரே ராத்திரியில் பழுப்பாகிவிடும். துணி, வாக்யூம் கிளீனர், தூசியை ஊதித் தள்ளும் ஸ்ப்ரே கேன், பிரஷ் என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டேன். இப்போது நான் பிரஷ் கட்சி.

மரப்பெட்டியைத் துடைப்பதில் பேச ஒன்றுமில்லை. மைக்ரோஃபைபர் துணி போதும். பேச்செல்லாம் முன்பக்கத்தை மூடியிருக்கும் கிரில்லைக் கழற்றிய பிறகுதான்.

சுத்தம் என்று பார்த்தால் வாக்யூமே ஜெயிக்கும். பிரஷ் தூசியை இடம் மாற்றுகிறது, வாக்யூம் வெளியே எடுக்கிறது. நான் பார்ப்பது வேறு கணக்கு: கை தவறினால் எதை இழப்போம்? கனத்த ஒலி தரும் பெரிய வட்டமான வூஃபர் நடுவில் கிண்ணம் கவிழ்த்தது போல இருக்கும் டஸ்ட் கேப் பெரும்பாலும் மெல்லிய காகிதம் அல்லது துணி. கீச்சென்ற ஒலி தரும் சின்ன ட்வீட்டரின் டோம், அதாவது அதிரும் குமிழ், அதைவிட மெல்லியது. வாக்யூமின் வாய் ஒரு நொடி அதில் ஒட்டினால் இழுத்துச் சுருக்கிவிடும். அந்த வாயைக் கையில் பிடித்திருக்கும்போது எடையும் அதிகம், நிதானமும் குறைவு.

இது புத்தக பயம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, 'இவ்வளவு அழுக்காவா வெச்சிருக்கே' என்று பாசத்தோடு ட்வீட்டரைத் துணியால் ஒரு துடை துடைத்தார். டோம் உள்ளே போய்விட்டது. செலோடேப்பை லேசாக ஒட்டி இழுத்ததில் வெளியே வந்தது, ஆனால் ஒரு மடிப்பு இன்னும் இருக்கிறது. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் விசாரித்தேன். இந்த மாடலுக்கு ட்வீட்டர் வருவதில்லை, வேறு போட்டால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள் என்றார்கள். நியாயம்தான். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இடதும் வலதும் ஒரே மாதிரி ஒலிக்காது. இரண்டையும் மாற்றினாலும் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும், பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் பழைய ட்வீட்டருக்காகச் செய்தது. ஆக, பத்து நிமிட சுத்தத்துக்காக ஒரு ஜோடியையே பணயம் வைக்கிறோம். மடிப்பு விழுந்த பின் ஒலி மாறியதா என்று கேட்டால், என் காதுக்குத் தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய காது அது, அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

சரி, பிரஷ் என்றால் எந்தப் பிரஷ்? முகத்துக்குப் பவுடர் போடும் அகலமான, மெத்தென்ற பிரஷ். புதிதாக வாங்குங்கள், வீட்டில் ஏற்கெனவே இருப்பதில் எண்ணெய்ப்பிசுக்கு இருக்கும். கூடவே முக்கியமான சங்கதி: முடியைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் உலோக வளையம். அது இரும்பாக இருந்தால் ஸ்பீக்கரின் காந்தம் இழுக்கும். என் முதல் பிரஷ்ஷை ட்வீட்டர் பக்கம் கொண்டுபோனபோது கை தானாக முன்னே போனது, நல்லவேளை சுதாரித்துக்கொண்டேன். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வளையத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அந்தப் பிரஷ் வேண்டாம். வாக்யூமின் இரும்புக் குழாய்க்கும் இதே கதிதான்.

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, மேலிருந்து கீழாக முடியின் நுனி மட்டும் படும்படி தடவினால் போதும். வூஃபரில் கூம்பாக இருந்து அதிரும் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பழசாகியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம், தொட்டாலே உதிரும். காகிதக் கோனில் தண்ணீர் கூடாது, கண்ணாடி துடைக்கும் திரவமும் கூடாது. துணி டோம் பலவற்றில் பிசுபிசுப்பான பூச்சு இருக்கும், தூசி முழுதாக வராது. விட்டுவிடுங்கள். மெல்லிய தூசிப் படலத்தைவிட, தேய்த்துப் பூச்சை எடுப்பதுதான் கெடுதல். என்னிடம் இருப்பது துணி டோம். உலோக டோம் விஷயத்தில் எனக்குக் கையனுபவம் இல்லை. ஆனால் அதில் விழும் நசுங்கல் துணியைப் போல மீண்டு வராது என்பதால், முன்னால் கம்பி வலை இருந்தால் அதைக் கழற்றாதீர்கள்.

ஸ்ப்ரே கேனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவமே ஜில்லென்று பீச்சியடிக்கும். கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பல்ப் அதே வேலையைச் சாதுவாகச் செய்கிறது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

வாக்யூமை ஒரேயடியாக ஒதுக்கவில்லை. துணிக் கிரில்லுக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. கிரில்லைக் கழற்றி, ஸ்பீக்கரை விட்டு எட்டக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தி, குறைந்த வேகத்தில் பிரஷ் முனையை வைத்து இழுத்தால் ஐந்து நிமிட வேலை. பிரஷ்ஷால் கோனைத் தட்டும்போதும், பறக்கும் தூசியைப் பிடிக்க வாக்யூம் வாயை அரையடி தள்ளி வைத்துக்கொள்கிறேன். அதைவிடக் கிட்டே கொண்டுபோவதில்லை.

கிரில்லை மாட்டியே வைத்திருப்பதால் இதெல்லாம் வருடத்துக்கு இரண்டே தடவைதான்: ஆந்தி ஓய்ந்து மழை தொடங்கியதும் ஒன்று, தீபாவளி புகை அடங்கியதும் ஒன்று. அம்மா வந்தால் மட்டும் முதல் நாளே ஒரு தடவை கூடுதலாகத் தட்டிவிடுகிறேன்.